கஞ்சமலைக் கல்லும் சேலத்து இரும்பும்: விவாத இழை

8 ஜூன் 2025, தொடக்கக் கேள்வி (ஒரு வாசகர்)

வெளியூரில் வேலை. சொந்த ஊர் சேலம் என்றதும் "மாம்பழம், இரும்பு" என்கிறார்கள். கஞ்சமலையை வெட்டி, அந்தக் கல்லை உருக்கித்தான் இரும்பாலை எவர்சில்வர் செய்கிறது என்று சின்ன வயதிலிருந்தே கேட்டு வளர்ந்தவன் நான். கூட வேலை செய்பவர் அப்படியே இல்லை என்று பந்தயம் கட்டியிருக்கிறார். ஊரில் இருப்பவர்கள் சொல்லுங்கள், யார் சொல்வது சரி?

8 ஜூன் 2025, இரவு

பந்தயத்தில் அவர்தான் ஜெயித்தார். நான் சேலத்தில் மேல்நிலை வகுப்புக்கு வேதியியல் எடுக்கிறேன். இந்தக் கேள்வி வராத வருஷமே கிடையாது.

இரும்பாலை கஞ்சமலை அடிவாரத்தில் இருக்கிறது. ஆனால் அந்த மலைக்கல் ஆலைக்குள் போகவில்லை. ஆரம்பத்தில் போட்ட திட்டம் என்னவோ நீங்கள் சொல்வதுதான்: கஞ்சமலைக் கல், நெய்வேலிப் பழுப்பு நிலக்கரி, இரண்டையும் சேர்த்து இங்கேயே இரும்பு எடுப்பது. 1970-ல் இந்திரா காந்தி அடிக்கல் நாட்டினார். 1981-ல் ஓடத் தொடங்கியபோது அது வேறு ஆலை. வெளியிலிருந்து வந்த துருப்பிடிக்காத எஃகுச் சுருளைக் குளிர்நிலையில் உருட்டி மெல்லிய தகடாக்கும் ஆலை. சூடாக உருட்டும் பிரிவு 1990களில் வந்தது. உருக்கும் பிரிவு வந்ததே 2010-ல்தான். அதுவும் மின்வில் உலை, பழைய இரும்பையும் குரோமியக் கலவையையும் போட்டு உருக்குவது. கல்லிலிருந்து இரும்பு பிரிக்கும் ஊதுலை அங்கே என்றைக்குமே இருந்ததில்லை.

9 ஜூன் 2025

"அப்போ கஞ்சமலையில் இரும்பு இருக்குன்னு சொல்றது கதையா?" என்று கேட்டிருக்கிறார் ஒரு தம்பி. கதையில்லை. சித்தர் கோவிலுக்கு அமாவாசைக் கூட்டத்தோடு போனால் மலையைப் பார்க்க முடியாது. கூட்டமில்லாத நாளில் போய், மழை ஓடின ஓடையில் ஒரு காந்தத்தைப் பிளாஸ்டிக் பையில் சுற்றி மணலில் இழுத்துப் பாருங்கள். கறுப்புப் பொடி கொத்தாக ஒட்டிக்கொண்டு வரும். பையைத் திருப்பினால் பொடி தனி, காந்தம் தனி. என் மாணவர்கள் எல்லோரும் இதைச் செய்திருக்கிறார்கள். செய்துவிட்டு வந்தவர்கள் தனிம அட்டவணையில் 26-ஆம் எண் இரும்பு என்பதை மறப்பதில்லை.

அந்தக் கறுப்புப் பொடிதான் மேக்னடைட். மூன்று இரும்பு அணுவுக்கு நான்கு ஆக்சிஜன் அணு. சுத்தமான மேக்னடைட்டில் எடைக்கு 72.4 சதவீதம் இரும்பு. சிவப்பு ஹேமடைட்டில் 69.9. இரண்டில் மேக்னடைட்தான் உசத்தி என்று இதை வைத்து முடிவு கட்டக் கூடாது. கஞ்சமலைக் கல் சுத்த மேக்னடைட் இல்லை. உடைத்துப் பார்த்தால் கறுப்புக் கோடும் வெள்ளைக் கோடும் மாறி மாறி வரும். வெள்ளை குவார்ட்ஸ், வெறும் சிலிக்கா. மொத்தக் கல்லை எடுத்தால் இரும்பு 40 சதவீதத்துக்கு உள்ளேதான் நிற்கும். அதை மாவாக அரைத்து, காந்தத்தால் பிரித்து, திரும்பவும் உருண்டை பிடித்துத்தான் உலைக்கு அனுப்ப முடியும். கர்நாடகத்திலும் ஒடிசாவிலும் 60-க்கு மேல் இரும்பு உள்ள ஹேமடைட்டை வெட்டி நேராக அனுப்புகிறார்கள். கணக்கு அங்கேதான் இடிக்கிறது.

9 ஜூன் 2025, கொஞ்ச நேரம் கழித்து

அந்தக் கோடுகளைப் பற்றி ஒன்று சொல்லாமல் தூக்கம் வராது.

ஆதிக்கடலில் ஆக்சிஜன் இல்லை. இரும்பு அப்போது தண்ணீரில் உப்பைப் போலக் கரைந்து கிடந்தது. ஆக்சிஜன் சேரச் சேர, கரைய முடியாத ஆக்சைடாக அடியில் படிந்தது. இடையிடையே சிலிக்கா படிந்தது. அதுதான் கோடு. பிறகு நிலத்துக்கடியில் வெந்து, நசுங்கி, 250 கோடி வருஷம் அளவுக்குப் பழசான பாறையாக நம் பஸ் ஜன்னலில் தெரிகிறது. இளம்பிள்ளை பஸ்ஸில் போகும்போது கைப்பேசியை உள்ளே வைத்துவிட்டு மலையைப் பாருங்கள்.

12 ஜூன் 2025

"கல்லில் இருக்கும் இரும்பை அந்தக் காலத்தில் எப்படிப் பிரித்தார்கள், இரும்பு உருக 1,538 டிகிரி வேண்டுமே, மண் உலையில் எப்படி?"

நல்ல கேள்வி. உருக்கவே இல்லை என்பதுதான் பதில். ஆள் உயரத்துக்குள் அடங்கும் களிமண் உலை, ஆட்டுத்தோல் துருத்தி, மரக்கரி. கரி குறைந்த காற்றில் எரிந்தால் கார்பன் மோனாக்சைடு கிடைக்கும். அது கல்லில் உள்ள ஆக்சிஜனைப் பிடுங்கிக்கொண்டு கார்பன் டையாக்சைடாக வெளியேறும். சுமார் 1,200 டிகிரியில் சிலிக்காவும் கொஞ்சம் இரும்பு ஆக்சைடும் சேர்ந்து கசடாக உருகி ஓடிவிடும். உலைக்குள் மிஞ்சுவது ஓட்டை ஓட்டையான திடக் கட்டி. அதைச் சூட்டோடு சம்மட்டியால் அடித்தால் உள்ளே மாட்டிய கசடு பிதுங்கி வெளியே வரும். மீதி தேனிரும்பு.

இதில் நஷ்டம் அதிகம். கசடோடு நிறைய இரும்பு போய்விடும். பழைய உலைமேடுகளில் கிடக்கும் கிட்டத்தை, அதாவது இறுகிய கசடை, கையில் எடுத்தால் கல்லை விடக் கனமாக இருப்பது அதனால்தான். (எடுத்துப் பார்த்துவிட்டு அங்கேயே போட்டுவிடுங்கள். தொல்லியல்காரர்களுக்கு அந்த இடமே சாட்சி. நகர்த்தினால் பாதி சாட்சி போச்சு.)

14 ஜூன் 2025

12-ஆம் தேதிக் குறிப்பில் தேனிரும்போடு நிறுத்திவிட்டேன். சேலத்துப் பக்கத்து இரும்புக்குப் பெயர் வாங்கிக் கொடுத்தது அதற்கு அடுத்த படி.

தேனிரும்பில் கார்பன் கிட்டத்தட்ட இல்லை. வளையும், முனை நிற்காது. அதைச் சிறு துண்டுகளாக வெட்டி, உமி கலந்த களிமண் குகையில் (உலோகம் உருக்கும் சிறு மண்பாண்டம்) போட்டு, கூடவே காய்ந்த ஆவாரங்குச்சியும் எருக்க இலையும் வைத்து, வாயை மண்ணால் அடைத்து உலையில் வைத்தார்கள். 19-ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் இங்கே இருந்த ஜோசையா மார்ஷல் ஹீத் என்ற கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி இந்த ஆவாரை, எருக்கு விவரத்தை எழுதி வைத்திருக்கிறார். அடைத்த குகைக்குள் குச்சியும் இலையும் கரியாகும். அந்தக் கார்பன் இரும்புக்குள் ஏறும். கார்பன் ஏற ஏற இரும்பு உருகும் சூடு இறங்கும். 1.5 சதவீதம் ஏறினால் சுமார் நூறு டிகிரி குறைந்துவிடும். தேனிரும்பை உருக்கப் போதாத சூடு இப்போது எஃகை உருக்கப் போதுமாகிவிடுகிறது.

உமியும் சும்மா சேர்த்ததில்லை. உமியில் சிலிக்கா அதிகம். எரிந்த பிறகும் சிலிக்காவும் கரியும் கூடாக நின்று குகையைச் சூட்டில் தாங்கிப் பிடிக்கும்.

ஐரோப்பாவில் ஊட்ஸ் என்று பேர்பெற்ற எஃகு இதுதான். 1795-ல் ஜார்ஜ் பியர்சன் லண்டன் ராயல் சொசைட்டியில் இதைப் பற்றிக் கட்டுரை படித்தார். மைக்கேல் ஃபாரடே, மின்சாரத்துக்கு வரும் முன்பு, ஜேம்ஸ் ஸ்டோடார்ட் என்ற கத்தி செய்பவரோடு சேர்ந்து இதை ஆராய்ந்தார். இதன் சிறப்புக்குக் காரணம் சிறிதளவு அலுமினியமும் சிலிக்காவும் என்று நினைத்தார். காரணம் கார்பன். குகையை அடைத்தவருக்கு அது கார்பன் என்று தெரியாது. எவ்வளவு குச்சி, எவ்வளவு இலை, எவ்வளவு நேரம் என்பது தெரியும். எனக்கு இந்த ஊர் இரும்பின் மேல் இருக்கும் மரியாதை முழுக்க இங்கேதான். மலையில் கல் கிடப்பது யாருடைய சாமர்த்தியமும் இல்லை. நூறு பங்கு இரும்பில் ஒன்றரைப் பங்கு கரியைக் கண்ணால் பார்க்காமலே அளவோடு ஏற்றியது சாமர்த்தியம்.

15 ஜூன் 2025

"ஒன்றரை சதவீதத்தில் அப்படி என்ன ஆகிவிடும்?"

எங்கள் வீட்டுப் பக்கம் ஒரு கொல்லர் பட்டறை இருந்தது. மத்தியானத்திலும் உள்ளே இருட்டாக வைத்திருப்பார்கள். கொடுவாளைக் காய்ச்சி, நிறத்தைப் பார்த்து, சட்டென்று தண்ணீரில் தோய்ப்பார் பெரியவர். இருட்டு எதற்கென்று கேட்டதற்கு, "வெளிச்சத்துல நெருப்போட நெறம் பொய் சொல்லும் பாப்பா" என்றார். கல்லூரியில் படித்த பிறகுதான் அதன் மீதிப் பாதி புரிந்தது.

இரும்பின் அணுக்கள் 912 டிகிரி வரை ஒரு மாதிரி அடுக்கி நிற்கும். அதற்கு மேல் அடுக்கு மாறும். மாறிய அடுக்கில் கார்பன் நுழைய இடம் அதிகம், 2 சதவீதம் வரை கரையும். குளிர்ந்த அடுக்கில் 0.02 சதவீதம்தான். கார்பன் இருக்கும் எஃகில் இந்த மாற்றம் 727 டிகிரியிலேயே தொடங்கிவிடும். மெல்ல ஆறவிட்டால் கார்பன் வெளியே வந்து தனியாக அமர்ந்துவிடும். சட்டென்று தண்ணீரில் போட்டால் வெளியே வர நேரமில்லை, உள்ளேயே சிக்கி அடுக்கை இறுக்கிவிடும். அந்த இறுக்கம்தான் முனை. ஆனால் அப்படியே விட்டால் கண்ணாடி மாதிரி உடையும். அதனால் மறுபடி லேசாகச் சூடு காட்டி இறுக்கத்தைக் கொஞ்சம் தளர்த்துவார்கள். பெரியவர் இரண்டாம் முறை நெருப்பில் காட்டியது அதற்குத்தான்.

16 ஜூன் 2025

காந்தத்தைப் பற்றி: 770 டிகிரியில் இரும்பு காந்தத்தை விட்டுவிடும். அணு அடுக்கு மாறுவதற்கும் இதற்கும் நேரடிச் சம்பந்தமில்லை, அது எலக்ட்ரான் சமாச்சாரம். இரண்டும் பக்கத்துப் பக்கத்துச் சூட்டில் நடப்பதால், காய்ச்சிய எஃகில் காந்தம் ஒட்டவில்லையென்றால் தோய்ச்சலுக்குத் தயார் என்று பட்டறைகளில் ஒரு கணக்கு உண்டு. சாதாரணக் கார்பன் எஃகுக்கு அது சரியாகவே வரும்.

21 ஜூன் 2025

இரண்டு பேர் கேட்டுவிட்டார்கள், எவர்சில்வருக்கு வருகிறேன்.

இரும்புத் துரு தண்ணீரையும் ஆக்சிஜனையும் சேர்த்துக்கொண்டு உப்பிப் பொருக்கு விடும். உள்ளே புது இரும்பு தெரியும், அதுவும் துருப்பிடிக்கும். முடிவே இல்லை. இரும்போடு குரோமியம் 10.5 சதவீதத்துக்குக் குறையாமல் சேர்த்தால், மேலே குரோமிய ஆக்சைடு கண்ணுக்குத் தெரியாத மெல்லிய படலமாக, சந்து இல்லாமல் மூடிக்கொள்ளும். கீறினாலும் காற்றுப் பட்டதும் திரும்ப வளரும். எவர்சில்வரும் முக்கால்வாசி இரும்புதான், அதை மறக்க வேண்டாம். அதைக் குரோமியம் மூடி வைத்திருக்கிறது, அவ்வளவே. உப்புத் தண்ணீரை நாள்கணக்கில் ஊற்றி வைத்தால் அந்தப் படலமும் அங்கங்கே ஓட்டை விழும். ஊறுகாய்க்குப் பீங்கான் ஜாடி வைத்த நம் பாட்டிகள் சரியாகத்தான் வைத்தார்கள்.

செவ்வாய்ப்பேட்டையில் ஒரு பாத்திரக் கடையில் காந்தத்தை வைத்துக் காட்டி, "ஒட்டலை பாருங்கம்மா, ஒரிஜினல்" என்றார்கள். கூட வந்த என் அத்தை உடனே பையைத் திறந்துவிட்டார். காந்தச் சோதனை பாதிதான் சரி. 18 சதவீதம் குரோமியம், 8 சதவீதம் நிக்கல் உள்ள 304 வகையில் காந்தம் ஒட்டாது. 15-ஆம் தேதி சொன்னேனே, சூட்டில் மாறுகிற அடுக்கு, அதை நிக்கல் அறை வெப்பத்திலும் நிறுத்தி வைக்கிறது. ஆனால் நிக்கலைக் குறைத்து மேங்கனீஸ் போட்ட 202 வகையிலும் ஒட்டாது. அது விலை குறைவு, துருவைத் தாங்கும் சக்தியும் குறைவு. நிக்கலே இல்லாத 430-ல் காந்தம் நன்றாக ஒட்டும், அதுவும் அசல் துருப்பிடிக்காத எஃகுதான். இண்டக்‌ஷன் அடுப்புப் பாத்திரத்தின் அடியில் அந்த மாதிரி தகடு இருந்தால்தான் அடுப்பே வேலை செய்யும். ஆக, காந்தம் 304-ஐயும் 202-ஐயும் பிரித்துச் சொல்லாது. பாத்திரத்தில் அடித்திருக்கும் எண்ணைப் பாருங்கள். எண் இல்லையென்றால் பில்லில் எழுதித் தரச் சொல்லுங்கள்.

22 ஜூன் 2025

"வெள்ளைக்காரன் நம்ம இரும்பைத் திருடிட்டுப் போயிட்டான்" என்று ஒருவர் சூடாக எழுதியிருக்கிறார். கோபம் நியாயம், ஆனால் நடந்தது இன்னும் சிக்கலானது.

மேலே சொன்ன ஹீத், அரசாங்க வேலையை விட்டுவிட்டுப் பரங்கிப்பேட்டையில் ஐரோப்பிய முறை ஊதுலை கட்டினார். கல் சேலத்திலிருந்து ஆற்று வழியாகப் படகில் போனது. எரிக்க மரக்கரி. கரிக்குக் காடு. அங்கேதான் விழுந்தது அடி. இங்கிலாந்தில் 1709-ல் ஆபிரகாம் டார்பி, நிலக்கரியைச் சுட்டு எடுக்கும் கோக்கில் இரும்பு எடுத்துக் காட்டிய பிறகு அவர்களுக்கு மரம் தேவைப்படவில்லை. பரங்கிப்பேட்டை உலைகளுக்கோ சுற்றுவட்டாரத்து மரம் தீரத் தீர, கரி தூரத்திலிருந்து வரவேண்டியதாயிற்று. சேலம் மாவட்டத்திலும் உலை வைத்துப் பார்த்தார்கள். ஹீத் தொடங்கிய இரும்புக் கம்பெனி கைமாறியது. 1860களில் பரங்கிப்பேட்டை உலைகள் அணைந்துவிட்டன.

இரும்பு மட்டமில்லை. மரக்கரியில் கந்தகம் மிகக் குறைவு, அதனால் அந்த இரும்பு தரமானது. கோக்கில் எடுத்த இரும்பு மலிவு, கப்பல் கப்பலாக வந்து இறங்கியது. ஊர்க் கொல்லர்களும் அதையே வாங்கி அடிக்க ஆரம்பித்தார்கள். நம் மண் உலைகளை அணைத்ததில் இந்த மலிவு இரும்புக்குப் பெரிய பங்கு. காட்டுச் சட்டங்கள் வந்து கரி சுடுவதும் கட்டுப்பாட்டுக்குள் போனது இன்னொரு பங்கு.

ஹீத் இங்கிலாந்து திரும்பி, உருக்கும் எஃகில் மேங்கனீஸ் சேர்க்கும் முறைக்கு 1839-ல் காப்புரிமை வாங்கினார். எஃகிலுள்ள ஆக்சிஜனையும் கந்தகத்தையும் மேங்கனீஸ் பிடித்துக்கொள்ளும். ஷெஃபீல்டு ஆலைகள் அதில் நன்றாகச் சம்பாதித்தன. ஹீத்துக்குக் கிடைத்தது வழக்கு.

23 ஜூன் 2025

நேற்று எழுதியதைத் திரும்பப் படித்தேன். காடு தீர்ந்த பழியை ஊதுலையின் மேல் மட்டும் போட்டமாதிரி இருக்கிறது. மண் உலையும் மரம்தான் தின்றது. ஒரு பங்கு இரும்புக்குப் பல பங்கு கரி. வித்தியாசம் அளவில். ஊருக்கு வேண்டிய கலப்பைக் கொழுவும் மம்முட்டியும் செய்யும் வேகத்துக்குக் காடு திரும்ப வளர்ந்துவிடும். கப்பலுக்கு ஏற்றும் வேகத்துக்கு வளராது.

29 ஜூன் 2025

மாங்காடு வாளைப் பற்றிக் கேட்டவருக்கு. மேட்டூர்ப் பக்கம் இருக்கும் மாங்காடுதான், சென்னைப் பக்கத்து மாங்காடு இல்லை. அங்கே கிடைத்த இரும்பு வாளின் காலம் கி.மு. 1604–1416 என்று வந்திருக்கிறது. 2025 ஜனவரியில் தமிழ்நாடு அரசு வெளியிட்ட 'இரும்பின் தொன்மை' அறிக்கை தூத்துக்குடி மாவட்டத்துச் சிவகளையில் இரும்பை கி.மு. 3345 வரை கொண்டுபோகிறது. செய்தி எல்லாம் சிவகளை மேலேயே போனது. எனக்கு மாங்காட்டு வாள்தான் அதிசயம், அது நம் மாவட்டம் என்பதற்காக மட்டுமில்லை.

இரும்புக்கு வயது பார்ப்பது கஷ்டம். கதிரியக்கக் கார்பன் முறைக்குக் கார்பன் வேண்டும். இரும்பில் ஏது கார்பன்? எஃகில் இருக்கிறது! உலையில் எரிந்த மரத்தின் கார்பன் வாளுக்குள்ளேயே ஏறி உட்கார்ந்திருக்கிறது. அந்த மரம் காற்றிலிருந்து கார்பனை எடுத்த காலத்தை வாளே சொல்லிவிடும். ஒரு எச்சரிக்கையும் உண்டு. பல நூறு வயசு மரத்தின் வைரத்தை (நடுக்கட்டையை) எரித்திருந்தால் வாளின் வயது கூடித் தெரியும். அதனால் ஒரே பொருளை வைத்து முடிவு கட்டாமல், பக்கத்தில் கிடைத்த தானியம், பானை ஓடு என எல்லாவற்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். இந்தச் சந்தேகத்தை எழுப்புபவர்களைத் துரோகி என்று திட்ட வேண்டாம். சோதித்து நின்றால்தான் அந்தத் தேதி உலகத்தில் நிற்கும்.

3 ஜூலை 2025

ஏற்காடு போய் வந்தேன், மகளுக்கு லீவு. கொண்டை ஊசி வளைவுகளில் ரோட்டுக்காக வெட்டிய மண் செக்கச்செவேல் என்றிருக்கிறது. அதுவும் இரும்புதான். மழை பெய்து பெய்து சிலிக்காவையும் மற்ற உப்புகளையும் கழுவிக் கொண்டுபோய்விட, கரையாத இரும்பு ஆக்சைடும் அலுமினிய ஆக்சைடும் தங்கிவிட்டன. ஹேமடைட் இருந்தால் சிவப்பு, நீரோடு சேர்ந்த கோதைட் இருந்தால் மஞ்சள். மேலே போகப் போக பாக்சைட். அது மேட்டூர் அலுமினிய ஆலைக்குப் போய்க்கொண்டிருந்தது. அலுமினா எடுத்த பிறகு மிஞ்சும் சக்கையும் சிவப்பாக இருக்கும், அதிலும் இரும்பு. சேலத்து வெள்ளைக்கல்லையும் விட்டுவிடக் கூடாது. மேக்னசைட்டைச் சுட்டால் கிடைக்கும் மக்னீசியா 2,800 டிகிரிக்கு மேல்தான் உருகும், எஃகு உலைகளின் உள்சுவர்ச் செங்கல் அதில்தான்.

6 ஜூலை 2025

முருங்கைக்கீரை சாப்பிட்டால் இரத்தம் ஊறுமா என்ற கேள்வியைத் தவிர்க்கப் பார்த்தேன், முடியவில்லை.

பெரியவர் ஒருவர் உடம்பில் இரும்பு மொத்தம் 3 அல்லது 4 கிராம். பெரும்பகுதி ஹீமோகுளோபினில். கீரையில் இரும்பு உண்டு, ஆனால் குடல் அதில் கொஞ்சத்தைத்தான் வாங்கிக்கொள்ளும். எலுமிச்சை, நெல்லிக்காய் சேர்த்தால் கூட வாங்கும். சாப்பிட்ட கையோடு டீ குடித்தால் குறையும். இரும்புச் சட்டியில் புளிக்குழம்பு வைத்தால் புளி கொஞ்சம் இரும்பைக் கரைத்து எடுக்கும், அது உடம்புக்கு ஆகும். ஆனால் குழம்பைச் சட்டியிலேயே விட்டு வைக்காதீர்கள், கறுத்துக் கசக்கும்.

பள்ளியில் வாரம் ஒருமுறை கொடுக்கும் நீல நிற இரும்புச்சத்து மாத்திரையை ஜன்னல் வழியே எறியும் பிள்ளைகளை எனக்குத் தெரியும். வயிற்றைப் பிரட்டுகிறது என்பார்கள். காலி வயிற்றில் விழுங்காமல் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு விழுங்கச் சொன்னேன், எறிவது குறைந்தது. காலைக் கூட்டத்தில் மயங்கி விழும் பெண் பிள்ளைகளைத் தாங்கிப் பிடித்தவள் என்ற முறையில் சொல்கிறேன், பெற்றோரே, வீட்டில் ஒருதரம் கேளுங்கள், மாத்திரை விழுங்கினாயா என்று.

13 ஜூலை 2025

"இவ்வளவு பேசுகிறீர்களே டீச்சர், கஞ்சமலையை வெட்டலாமா கூடாதா?"

கூடாது என்பது என் கருத்து. ஜூன் 9-ஆம் தேதிக் கணக்கைத் திரும்பப் பாருங்கள். 100 டன் கல்லை அரைத்தால் கிட்டத்தட்ட பாதி மாவாக அரைபட்ட சிலிக்கா மிச்சம். அந்த மாவை எங்கே கொட்டுவது? அடிவாரத்தில் கிணற்றுப் பாசனம், வீடு, கோவில், தறி. நுண்ணிய சிலிக்காத் தூசி நுரையீரலுக்கு என்ன செய்யும் என்பதைக் கல்குவாரிக்காரர் குடும்பங்களைக் கேளுங்கள். வேலை கிடைக்கும் என்பவர்களின் கவலை எனக்குப் புரிகிறது, என் மாணவர்களுக்கும் வேலை வேண்டும். ஆனால் மலை ஒருதரம்தான் வேலை கொடுக்கும்.

14 ஜூலை 2025

"கல்லைத் தொடாமல் இரும்புக்கு எங்கே போவது?" 

முழு நாட்டுக்கும் கல் இல்லாமல் முடியாது, அது உண்மை. ஆனால் நம் இரும்பாலை உருக்குவதே பழைய இரும்பை என்று முதல் நாளே சொன்னேன். இரும்பை எத்தனை தடவை உருக்கினாலும் இரும்புதான். கல்லிலிருந்து ஆக்சிஜனைப் பிடுங்கும் செலவும் கரியும் அதில் மிச்சம்.

ஒரு சிக்கல் உண்டு, செம்பு. பழைய இரும்பைக் கிலோக்கணக்கில் வாங்கும் கடைக்காரர் மோட்டாரை உடைத்துச் செம்புக் கம்பியைத் தனியே எடுப்பது விலைக்காக. உலைக்கும் அதுதான் நல்லது. சிலிக்கன், மேங்கனீஸ் எல்லாம் இரும்புக்கு முன்னால் எரிந்து கசடில் போய்விடும். செம்பு எரியாது, இரும்பு எரிந்தாலும் அது எரியாது. எஃகிலேயே தங்கி, சூடாக உருட்டும்போது தகட்டின் மேல் வெடிப்பு விழவைக்கும். ஒருதரம் கலந்துவிட்டால் உலையில் பிரித்தெடுக்க வழியில்லை, நல்ல இரும்பைக் கூட்டி அளவைக் குறைக்கத்தான் முடியும். பழைய மிக்ஸியையும் மின்விசிறியையும் எடைக்குப் போடும்போது மோட்டாரைக் கழற்றித் தனியாகக் கொடுங்கள். விலையும் கூடவே கிடைக்கும்.